காஸா ஜாடியின் நிறம்

1960ஆம் வருஷம் ஏப்ரல் 30ஆம் தேதி, சனிக்கிழமை, மாலை ஐந்து மணி இருபது நிமிஷம். காற்று இல்லை. மயிலம் பக்கம் வானம் கறுத்து இரண்டு முறை இடித்தது. ஒரு சொட்டு விழவில்லை.

அப்போது நான் விழுப்புரம் ஜங்ஷனில் சரக்கு குமாஸ்தா. வேகனில் ஏறும், எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைகளை எண்ணிச் சீட்டு எழுதுவது வேலை. வீடு திண்டிவனத்தில். தினமும் பாசஞ்சரில் போய் வருவேன். நடுவே நான்கு ஸ்டேஷன்கள். அன்று திண்டிவனத்தில் இறங்கியபோது, பிளாட்பாரத்துத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஒருவன் பட்டாளத்துக் கம்பளியில் எதையோ சுற்றி, கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான்.

"இன்னா கணக்கு, இன்னிக்கி எத்தினி மூட்டை?" என்றான்.

"முந்நூத்தி நாப்பத்தி ரெண்டு" என்று சொல்லி முடித்த பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தேன்.

அவன் என் பள்ளித் தோழன். ஆறு வருஷம் ஒரே பெஞ்சு. கணக்கை அவன் என்னைப் பார்த்து எழுதுவான்; அதனால் 'கணக்கு' என்றே என்னைக் கூப்பிடுவான். இங்கிலீஷை நான் அவனைப் பார்த்து எழுதுவேன். நாங்கள் சொந்த நிலத்தில் பயிர் வைக்கிற குடும்பம். அவன் மாதாகோவிலைத் தாண்டி இருந்த சேரியிலிருந்து வருவான். அவன் அப்பா எங்கள் தெருக்காரர்களின் நிலத்தில் கூலிக்கு வேலை செய்தவர். பள்ளி முடிந்ததும் பட்டாளத்தில் சேர்ந்து லாரி ஓட்டினான். கடைசி ஒரு வருஷம் பாலஸ்தீனத்துக் காஸாவில், எல்லையில் அமைதி காக்க நம் நாட்டிலிருந்து போன பட்டாளத்தோடு இருந்துவிட்டு, அப்போதுதான் லீவில் வந்திருந்தான்.

கம்பளியைப் பிரித்தான். உள்ளே ஒரு மண் ஜாடி. அடுப்புக்கரி நிறம், ஆனால் மினுமினுப்பு இல்லாத கறுப்பு. பெருத்த வயிறு, ஒடுங்கிய கழுத்து, ஒரு பக்கம் கைப்பிடி, மறுபக்கம் சுண்டுவிரல் கனத்தில் ஒரு மூக்கு. தோளைச் சுற்றி, ஈர மண்ணில் சீப்பால் இழுத்ததுபோல வரிகள். எண்ணினேன். பதினேழு. பதினேழாவது வரி மட்டும் முழுவட்டமாகச் சேரவில்லை. இரண்டு முனைக்கும் நடுவே ஒரு நெல் அகலம் இடைவெளி. செய்தவன் அதை ஏன் அப்படி விட்டான் என்பது அப்போதே எனக்கு உறுத்தியது.

"உனக்கோசரம் எடுத்தாந்தேன்" என்றான்.

"இன்னாடா இப்படிக் கருப்பா கீது? தீஞ்சி போச்சா?"

"தீயறதாவது! வெந்து முடிஞ்சதும் சூளை வாயை அடைச்சி பொகையில வுட்டுடறாங்க. பொகை மண்ணுக்குள்ள பூந்துடுது. செவப்பும் செய்றாங்க. ஆனா கருப்புதான் காஸா ஜாடி. பார்த்ததும் சொல்லிடுவாங்க, எந்த ஊருன்னு."

பிறகு அது கிடைத்த விதத்தைச் சொன்னான். குயவர் தெரு ஓரமாக அவன் லாரி மணலில் சிக்கிக்கொண்டதாம். கோட்டக்குப்பத்து மணல் மாதிரி மணலாம், கணுக்கால் புதையுமாம். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்த குயவன் எழுந்து வந்து பலகை போட்டு லாரியைக் கிளப்பிவிட்டு, உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, இப்படி ஒரு ஜாடியை நீட்டினானாம்.

"அவன், அவன் பசங்க ரெண்டு பேரு, சொந்த ஊரை வுட்டு வந்து கூடாரத்துல கீற ஒரு ஆளு, அப்புறம் நானு. அஞ்சு பேரும் அதுலயே குடிச்சோம். மூக்குல வாய் வைக்கறதில்ல. நம்பள மாதிரியே தூக்கி அண்ணாந்து ஊத்திக்கறாங்க. மொத ஆளா எங்கிட்டதான்டா குடுத்தான்."

"மொத ஆளாவா?"

"ஆமா. நான் யாரு, எந்தத் தெரு, ஒண்ணும் கேக்கல. குடிக்கத் தெரியுதான்னு மட்டும் பார்த்தான். ஒரு சொட்டு சிந்தாம குடிச்சேனா, அவனுக்கு ஒரே சிரிப்பு."

கிளம்பும்போது அவனிடமே இந்த ஜாடியை விலைக்கு வாங்கியிருக்கிறான். கப்பலில் பதினோரு நாளும் நாலு சிப்பாய்கள் இதில்தான் தண்ணீர் குடித்தார்களாம். "புதுசுல மண்ணு வாசனை தூக்கும். இது பழகிப்போச்சு. தண்ணி ஜில்லுனு இருக்கும்" என்று என் கையில் கொடுத்தான். அளவுக்கு மீறி லேசாக இருந்தது.

"எங்க வைப்பே?" என்று கேட்டான்.

"நடுக்கூடத்துல."

"குடிப்பியா, பொம்மையாட்டம் வச்சிப் பார்ப்பியா?"

"குடிப்போம்டா. எப்ப லீவு முடியுது?"

"மே பதினெட்டு."

"அப்ப பதினஞ்சாந் தேதி ஞாயித்துக்கெழமை சாப்பிட வா. நீயே உன் கையால எடுத்துக் குடி."

அவன் கம்பளியை மடித்துக்கொண்டே, "நடுக்கூடத்துக்கா வரச் சொல்றே?" என்றான்.

அதுவரை அவன் எங்கள் வீட்டுக்கு ஏழு முறை வந்திருக்கிறான். ஏழு முறையும் தோட்டத்துப் பக்கம், கிணற்றடி வரைக்கும்தான். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். "ஆமா" என்றேன். இடி மூன்றாவது முறையாக இடித்தது.

வீட்டில் அம்மா ஜாடியைத் தொடாமல் குனிந்து பார்த்தாள்.

"யாருடா குடுத்தது?"

சொன்னேன்.

"புதுசா, பொழங்கினதா?"

இங்கேதான் முதல் தப்பு. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எனக்கு எண்ணிக்கை தெரிந்தால் வாயில் நிற்காது. "கப்பல்ல பதினோரு நாளு, நாலு பேரு குடிச்சது" என்றேன்.

அம்மா கோபப்படவில்லை. காய்கறி விலை சொல்வதுபோலத்தான் சொன்னாள். "பித்தளைன்னா புளி போட்டுத் தேய்ச்சி உள்ள எடுத்துக்கலாம். இது மண்ணாச்சே. குடிச்சதையெல்லாம் உள்ளயே வச்சிக்கும். எப்படிக் கழுவுவே? தோட்டத்துல வை. கை கால் கழுவ ஆவும்."

எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அதுதான் சட்டம். வேறு ஆட்கள் புழங்கிய உலோகம் கழுவினால் திரும்ப வரும். மண் பாண்டம் திரும்ப வராது. நான் அந்தச் சட்டத்தோடு வாதாடவில்லை. அவன் என் தோழன், இது என் வீடு, ஜாடி கூடத்தில்தான் இருக்கும் என்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. ஒன்பதே வார்த்தை. சொல்லாமல் ஜாடியைத் தோட்டத்து முருங்கை மரத்தடியில் கொண்டுபோய் வைத்தேன். பதினைந்தாம் தேதிக்கு இன்னும் பதினைந்து நாள்.

அந்த வாரம் எனக்கு மூட்டைக் கணக்கு இரண்டு முறை தப்பியது. ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் பேரணி ஸ்டேஷன் வருவதற்குள் நான்கு முறை எழுந்து நிற்பேன். வாக்கு ஒன்று கொடுத்தாயிற்று. ஜாடி முருங்கை மரத்தடியில் இருக்கிறது. அவன் வந்து பார்த்தால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? கடைசியில் முண்டியம்பாக்கத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவே ஒரு யோசனை வந்தது. புதுப்பானை ஏன் சுத்தம்? சூளையிலிருந்து வருவதால். அப்படியானால் இதை இன்னொரு முறை சூளையில் வைத்து எடுத்தால் இது புதுப்பானை. அம்மாவுக்கும் சரி, அவனுக்கும் சரி. இரண்டும் இரண்டும் நாலு என்பதுபோல அவ்வளவு நேராகத் தெரிந்தது.

மே 8ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, ஜாடியைத் துண்டில் கட்டி எடுத்துக்கொண்டு, மயிலம் சாலையில் இருந்த ஒரு குயவர் வீட்டுக்குப் பஸ் ஏறினேன். பதினைந்து நயா பைசா டிக்கெட். குயவருக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். ஜாடியை வாங்கி, விரல் கணுவால் மூன்று இடத்தில் தட்டிக் கேட்டார்.

"நல்ல வேலைங்க. எந்த ஊரு சரக்கு?"

"வெளிநாடு. இதைத் திரும்ப ஒரு தடவை சூளையில வச்சிக் குடுக்கணும்."

"வெந்ததைத் திரும்ப எதுக்குங்க வேக வைக்கணும்?"

"ஒழுகுது" என்றேன்.

அவர் தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு ஜாடியை நிரப்பித் தரையில் வைத்தார். இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளிப்பக்கம் மெல்ல வேர்த்தது. சொட்டவில்லை. மண் மிதித்துக்கொண்டிருந்த அவர் மனைவியும் காலை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"ஒழுகலீங்களே" என்றார்.

"பரவாயில்லை, வச்சிக் குடுங்க."

"கருப்பு பொகையால வந்ததுங்க. நம்ம சூளை தெறந்த சூளை. நெறம் நிக்காது."

"நெறம் போனா போவட்டும். சுத்தமா வந்தாப் போதும்."

'சுத்தமா' என்ற சொல் வெளியே வந்த பிறகு அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஓ, அதுக்கா" என்றார். புதன்கிழமை சூளை போடுவதாகவும், ஒரு ரூபாய் கூலி என்றும் சொன்னார். அவர் மனைவி மட்டும் மண்ணை மிதித்துக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல, "இனிமே ஜனங்களையும் சூளையில வையின்னு எடுத்தாருவாங்க போல கீதே" என்றாள். குயவர் அவளை அதட்டினார். ஆனால் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் அதட்டினார்.

நிறம் கொஞ்சம் வெளுக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். 12ஆம் தேதி வியாழன் மாலை, விழுப்புரத்திலிருந்து வரும் வழியில் மயிலம் ஸ்டேஷனிலேயே இறங்கிப் போய் வாங்கினேன். விரிசல் இல்லை. பதினேழு வரியும் இருந்தன. ஆனால் ஜாடி செங்கல் நிறத்தில் இருந்தது. நம் ஊர்ச் சந்தையில் நாலணாவுக்கு விற்கிற கூஜா மாதிரி இருந்தது.

வீட்டில் என் மனைவி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாங்க பண்ணீங்க இதை?"

சொன்னேன். கேட்டுவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்.

"அது தோட்டத்துல இருந்த எட்டு நாளும் நான் அதுலதான் தண்ணி குடிச்சிக்கினு இருந்தேன்."

"எதுல?"

"இதுலதான். முருங்கை நெழல்ல அவ்ளோ ஜில்லுனு இருந்துச்சி. உங்கம்மாவுக்கு மோரு கரைச்சதுகூட அந்தத் தண்ணியிலதான். மோரு நல்லாக் கீதுன்னு ரெண்டாவது டம்ளரு கேட்டாங்க."

எல்லாவற்றையும் எண்ணுகிறவன் நான். என் வீட்டில் எட்டு நாள் நடந்தது என் கணக்கில் வரவில்லை.

"வெளியே சொல்லாதே" என்றேன். அது இரண்டாவது தப்பு.

மூன்றாவது தப்பு சனிக்கிழமை. பன்னிரண்டு நயா பைசாவுக்கு மல்லாட்டை எண்ணெய் வாங்கி, விளக்குப் புகையைத் தட்டில் பிடித்துச் சேர்த்து, எண்ணெயில் குழைத்து ஜாடிக்குப் பூசினேன். நான்கு பூச்சு. துணியால் தேய்க்கத் தேய்க்க, ஏறக்குறைய பழைய கறுப்பு வந்தது. விரலால் தடவிப் பார்த்தேன், ஒட்டவில்லை. மனைவி வாசற்படியில் நின்று, "கூத்துக்கு வேஷம் கட்டறீங்களா?" என்றாள். நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அம்மாவை ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் மயிலம் மலை முருகன் கோவிலுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தேன். அதையும் தப்பு என்று எண்ணினால் நான்கு.

மே 15, ஞாயிறு. பகல் பதினொன்று நாற்பது. அக்கினி நட்சத்திரத்தின் பன்னிரண்டாம் நாள்; தெருவில் நாய்கூட இல்லை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கணம் நின்றான். பழக்கத்தில் கால் தோட்டத்துப் பக்கம் திரும்பியது. "உள்ள வாடா" என்றேன். நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தான். எட்டாவது வருகை.

"அம்மா எங்க?"

"மயிலம் போயிருக்காங்க."

"கிருத்திகையா?"

"இல்ல."

கூடத்தில் மணை போட்டிருந்தேன். எதிரே முக்காலியில் ஜாடி. அதைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. அதை இல்லை என்று சொல்ல முடியாது. "பரவாயில்ல கணக்கு. சொன்ன மாதிரியே வச்சிக்கிறே" என்றான்.

என் மனைவி இலை போட்டுக் கோழிக் குழம்பும் சோறும் பரிமாறினாள். காரத்துக்கு அவனுக்கு வேர்த்தது. "தண்ணி நானே எடுத்துக்கறேன் தங்கச்சி" என்று இடது கையால் ஜாடியைத் தூக்கி, தலையை அண்ணாந்து, ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டான். ஒரு சொட்டு சிந்தவில்லை. தொண்டை ஆறு முறை ஏறி இறங்கியது.

நான் காலி ஜாடியில்தான் சோதித்திருந்தேன். தண்ணீர் ஊற்றிச் சோதிக்கவில்லை. காலையிலிருந்து நிறைந்திருந்த ஜாடி உள்ளிருந்து வேர்த்து, பூசிய கரியையெல்லாம் வெளியே தள்ளியிருந்தது. கறுப்புத் தண்ணீர் அவன் மணிக்கட்டில் ஓடி, முழங்கையில் திரும்பி, சட்டையில் இறங்கியது.

அவன் ஜாடியைக் கீழே வைத்தான். உள்ளங்கையைப் பார்த்தான். பிறகு கட்டை விரலால் ஜாடியின் வயிற்றை அழுத்தித் துடைத்தான். சிவப்பு தெரிந்தது.

"இன்னாடா இது, வேற ஜாடியா?"

வேறு ஜாடி, பழையது உடைந்துவிட்டது என்று சொல்ல அரை நிமிஷம் இருந்தது. அதற்குள் அவன் விரல் தோளைச் சுற்றிப் போய், பதினேழாவது வரியின் இடைவெளியில் நின்றுவிட்டது.

"அதேதான்" என்றான். "சூளையில போட்டியா?"

"ஆமா."

"ஒழுகிச்சா?"

குயவரிடம் நான் சொன்ன அதே பொய்யை அவனே எடுத்து என் கையில் கொடுத்தான். வாங்கிக்கொண்டிருந்தால் போதும். மனைவி கரண்டியோடு அசையாமல் நின்றாள்.

"இல்ல" என்றேன்.

"அம்மா சொன்னாங்களா?"

"இல்ல. அவங்க தோட்டத்துல வைன்னாங்க. சூளை என் யோசனை."

அவன் தலையை ஆட்டினான். பிறகு இலைக்குத் திரும்பி, மிச்சமிருந்த சோற்றைச் சாப்பிட்டான். ஒன்பது கவளம். எழுந்து போய்விடுவான் என்று நான் ஒவ்வொரு கவளத்துக்கும் நினைத்தேன். முடித்துவிட்டு, கிணற்றடிக்குத் தானே போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தான்.

"எவ்ளோ ஆச்சி?" என்றான்.

"எதுக்கு?"

"சூளைக்கி."

"ஒரு ரூபா அம்பத்தேழு. பஸ்ஸு மூணு டிக்கெட்டு, எண்ணெய் எல்லாம் சேர்த்து."

அவன் சிரித்தான். வாய்விட்டு, பள்ளிக்கூடத்தில் சிரிப்பானே, அந்தச் சிரிப்பு. "பஸ்ஸும் சேத்தா! எண்ணெய் வேறயா!" சட்டைப் பையிலிருந்து இரண்டு ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து மணைமேல் வைத்தான். "என்னைக் கழுவறதுக்கு உங்காசு எதுக்குடா? மீதி நாப்பத்தி மூணு காசு. அதை எந்தக் கணக்குலயும் எழுதாம வச்சிக்க. உன்னால முடியுதா பார்க்கலாம்."

வாசல் வரை போனவனை என் மனைவிதான் கூப்பிட்டாள்.

"அண்ணா, சூளைக்கிப் போறதுக்கு முந்தி எட்டு நாளு நான் அதுல தண்ணி குடிச்சேன்."

அவன் திரும்பினான். "எப்படி இருந்துச்சி தங்கச்சி?"

"ஜில்லுனு இருந்துச்சிண்ணா."

"அதுக்குத்தான் எடுத்தாந்தேன்" என்றான். சட்டையில் கறுப்புக் கோடு தெரிய, பன்னிரண்டு ஐம்பதுக்கு வெயிலில் இறங்கிப் போனான்.

மலையிலிருந்து திரும்பிய அம்மா, ஜாடி சூளைக்குப் போய்வந்தது என்று கேட்டதும் "அப்ப உள்ளயே இருக்கட்டும்" என்றாள். கண் மூடும்வரை அதில்தான் தண்ணீர் குடித்தாள். என் மனைவியும் குடித்தாள். கறுப்பாக இருந்தபோது எப்படியோ அப்படியேதான் ஜில்லென்று இருக்கிறது என்றாள். நான் மட்டும் குடிக்கவில்லை. கூடத்தில் அதைக் கடக்கும்போதெல்லாம் சேராத அந்தப் பதினேழாவது வரிமேல் கண் போகும், நடையை விரைவாக்கிக்கொள்வேன்.

அவன் கொடுத்த நோட்டை நான் மாற்றவில்லை. ஜூன் மாதம் என் சம்பளத்திலிருந்து இரண்டு ரூபாயை அவன் பட்டாளத்து விலாசத்துக்கு மணியார்டர் செய்தேன். கமிஷன் பதினைந்து நயா பைசா. இருபத்திரண்டாம் நாள், வாங்க மறுத்துவிட்டதாக எழுதித் திரும்பி வந்தது.

1964இல் ஒரு முறை விழுப்புரம் ஜங்ஷனில் அவனைப் பார்த்தேன். மனைவி, இரண்டு பிள்ளைகள், நான்கு பெட்டிகளோடு வண்டி மாறிக்கொண்டிருந்தான். நானே போய் நின்றேன். வெயிலைப் பற்றியும் வண்டி தாமதத்தைப் பற்றியும் நான்கு நிமிஷம் பேசினோம். வண்டி நகரும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"ஜாடி கீதா?"

"கீது."

"இன்னா கலர்ல?"

"செவப்புதான்."

சிரித்தானா, முகத்தைத் திருப்பிக்கொண்டானா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. வண்டியில் அவன் இருந்தது ஆறாவது பெட்டி. புகை மறைத்தது.

இப்போது எனக்கு எழுபத்தொன்பது வயது. ஜாடி இன்னும் கூடத்தில்தான் இருக்கிறது. மூக்கு நுனி மட்டும் உடைந்திருக்கிறது. தண்ணீர் ஊற்றுவது இல்லை. அந்த இரண்டு ரூபாய் நோட்டை மடித்து அதற்குள் போட்டிருக்கிறேன். அது என் பணம் அல்ல. அதை வரவில் வைக்க முடியாது. அதை விட்டுவிட்டு, சூளைக் கூலி ஒரு ரூபாய், பஸ் நாற்பத்தைந்து, எண்ணெய் பன்னிரண்டு, மணியார்டர் கமிஷன் பதினைந்து என்று கூட்டினால், எனக்கு ஆன செலவு ஒரு ரூபாய் எழுபத்திரண்டு நயா பைசா.